கருகிய சுவிட்சுக்கு டேப் மருந்தல்ல!

லயத்து அடுப்படியில் ரைஸ் குக்கர் செருகும் சுவிட்சு கருகியிருந்தால் டேப் ஒட்டிவிடுகிறோம். "இன்னும் வேலை செய்யுதே, டிரசரையா" என்கிறார்கள், கையில் கொப்புளத்தோடு வந்தவர்களும்! உள்ளே கம்பி தளர்ந்து சூடேறுவதாலேயே பெரும்பாலும் அது கருகுகிறது. ஈரக் கையில் 230 வோல்ட் பாய்ந்தால் இதயமே நின்றுவிடலாம்.

பழைய சுவிட்சை மாற்றத்தான் வேண்டும். ஆனால் நாமே திருப்புளி எடுக்கக் கூடாது. லைசென்சு உள்ள வயர்மேன் செய்யட்டும். தோட்டம் கொடுத்த வீட்டைப் பழுதுபார்ப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகத்தின் கடமை. ஆபீசில் எழுதிக் கொடுங்கள். தட்டிக் கழித்தால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

யாருக்காவது கரண்டு அடித்தால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள், அதை அணையுங்கள். தீக்காயத்துக்குப் பற்பசை வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடித்து, உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

சுவிட்சு சில வெள்ளிதான். சோறாக்கும் கைக்கு விலை உண்டா?