பெட்டிக்கு இருக்கும் வழி எங்களுக்கு இல்லையா?

நெடுந்தீவில் காவல் நிற்கும் கடற்படைச் சிப்பாயின் ஊர் குருநாகல் என்றால், அவர் எங்கள் தீவில் இருந்தபடியே குருநாகலுக்கு வாக்களிக்கலாம். சீட்டு தபாலில் வரும், தபாலில் போகும். அதே நெடுந்தீவில் பிறந்து, கொழும்பில் கடையொன்றில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த வழி இல்லை. நான் அரச ஊழியன் இல்லை, பொலிஸ் இல்லை, படை இல்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குத் தபால் மூல வாக்குரிமை கிடைத்தது. அந்தச் சிப்பாயில் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கொடுத்ததை எனக்கு ஏன் மறுக்கிறீர்கள்?

ஊருக்குப் போய் வாக்களி என்கிறார்கள். 2024 நவம்பர் 14, பொதுத்தேர்தல். வியாழக்கிழமை, வேலை நாள். வாடைக்காற்றுத் தொடங்கிய மாதம். இரவு பஸ் பிடித்து விடியற்காலை யாழ்ப்பாணம், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை, பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். குமுதினிப் படகோ வடதாரகைப் படகோ ஓடினால் போகலாம். கடல் கொந்தளித்தால் துறையில் குந்தியிருக்க வேண்டியதுதான். மாலை 4 மணிக்கு வாக்களிப்பு முடிந்துவிடும். காற்றுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். வாக்களிக்க லீவு தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நாட்கூலிக்கு நிற்கிற பொடியன் அந்தச் சட்டத்தை முதலாளியிடம் எடுத்துச் சொன்னால், அடுத்த நாள் அவனுடைய இடத்தில் வேறொருவன் நிற்பான்.

சரி, பதிவைக் கொழும்புக்கு மாற்று என்றார் ஓர் அதிகாரி, நிமிர்ந்தும் பாராமல். நான் இருக்கும் அறையின் சொந்தக்காரர் தன் வீட்டுப் படிவத்தில் என் பெயரை எழுத மறுத்துவிட்டார். பெயர் ஏறினால் நாளைக்கு வீட்டில் உரிமை கேட்பேனாம். ஊரிலோ, நிரந்தரமாக வசிக்கவில்லை என்று என் பெயரை நீக்கும் பட்டியலில் போட்டுவிட்டார்கள். இங்கும் இல்லை, அங்கும் இல்லை. பிரதேச செயலகம், கச்சேரி, மறுபடி பிரதேச செயலகம் என்று அலைந்து, கெஞ்சி, என் பெயரை இடாப்பில் திரும்ப ஏற்றினேன். பிறந்த ஊரில் என் பெயர் இருக்க நான் ஏன் கெஞ்ச வேண்டும்? என் தாய் அங்கேதான் இருக்கிறா. அவவின் குடிதண்ணீரும், நோய் வந்தால் ஏற்றிப்போகும் படகும் அங்கே நடக்கும் தேர்தலில் தங்கியிருக்கின்றன. வெள்ளவத்தையில் நான் போடும் வாக்கு அவவுக்கு என்ன செய்யும்?

தீவுப்பகுதி மக்கள் எல்லாரும் ஆசைப்பட்டு ஊரை விட்டவர்கள் அல்லர். 1990, 91 படை நடவடிக்கைகளில் ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் வெறிச்சோடின. 1994 பொதுத்தேர்தலில் குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்களிப்பே நடக்கவில்லை. யாழ். மாவட்ட இடாப்பில் ஆறு இலட்சத்துக்குக் கிட்டப் பெயர்கள். பெரும்பாலும் தீவுகளில் விழுந்த 10,744 வாக்குகளோடு ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக் குழு பத்து ஆசனங்களில் ஒன்பதை எடுத்துக்கொண்டது. வாக்களிக்க முடியாமல் போனவர்களைப் பற்றி அன்று எந்த அரசாங்கம் கவலைப்பட்டது? இடாப்பில் பெயர் இருந்தது, போதும் என்று விட்டார்கள். இன்றைக்குப் பெயரையே வெட்டுகிறார்கள். யாழ். மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. வாக்காளர் தொகை குறைந்துவிட்டது, ஆசனமும் குறையும் என்கிறது அவர்களின் கணக்கு. குறையச் செய்தது யார் என்று அந்தக் கணக்கில் எங்கேயும் எழுதவில்லை.

டோஹாவிலும் துபாயிலும் வெயிலில் நிற்கும் எங்கள் பிள்ளைகள் அனுப்பும் பணம் வேண்டும், வாக்கு வேண்டாம். தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் முதுமையடைந்துவிட்ட இலங்கைப் பிரஜைக்கும் வாக்கில்லை. முடியாத காரியமா இது? மாலைதீவும் தீவுகளால் ஆன நாடுதான். 2023இல் தன் ஜனாதிபதித் தேர்தலுக்கு நம்முடைய கொழும்பிலேயே பெட்டி வைத்துத் தன் மக்களின் வாக்கை வாங்கிப் போனது. பிலிப்பைன்ஸ் 2004 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரை வாக்களிக்க விடுகிறது. இங்கே மட்டும் ஆராய்கிறோம், குழு அமைக்கிறோம் என்ற பதில்தான் வருகிறது.

வாக்களிப்பு முடிந்ததும் நெடுந்தீவின் பெட்டிகளை எண்ணுவதற்கு யாழ்ப்பாணம் கொண்டுவரக் கடற்படைப் படகு வரும், தேவைப்பட்டால் உலங்குவானூர்தியும் வரும். அந்தச் செலவையும் அக்கறையையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் விழவேண்டிய வாக்கைச் சுமந்துகொண்டு குறிகட்டுவானில் நிற்பவனுக்கு ஒரு மேலதிகப் படகுகூட விட மனமில்லையே, இது என்ன நியாயம்?

வடமாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம். அது வருமுன்னர் முற்கூட்டிய வாக்களிப்பைச் சட்டமாக்குங்கள். கொழும்பிலும் வவுனியாவிலும் கச்சேரிகளில் ஒரு மேசையும் பெட்டியும் வையுங்கள். அடையாள அட்டையைக் காட்டி, எங்கள் ஊருக்கான சீட்டில் புள்ளடி போட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம். அதுவரைக்கும் ஊரில் இல்லை என்று சொல்லி எங்கள் பெயர்களை வெட்டாதீர்கள்.