ஆம்பியர் எழுதுகிறார்கள், எம்பிபிஎஸ் எழுதுவதில்லை

அமெரிக்காவில் ஆர்.வி. நிறுத்தும் முகாமில் இடம் பதிவு செய்யும்போது எல்லாவற்றையும் எண்ணிலேயே சொல்கிறார்கள். இடம் எத்தனை அடி நீளம், மின்சாரம் 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, கழிவுநீர்க் குழாய் வண்டிக்கு எந்தப் பக்கம், ஜெனரேட்டரை இரவு எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், எல்லாம் எழுத்தில் இருக்கும். இணையத்துக்கு வந்ததும் கணக்கு நின்றுவிடுகிறது. 'வைஃபை உண்டு, இலவசம்.' எவ்வளவு உண்டு, எத்தனை வண்டிக்குப் பங்கு, எந்த வழியாக வருகிறது, மூச்சு கிடையாது. தொலைபேசித் துறையில் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனாலோ என்னவோ, இது எனக்கு ரொம்பவே உறுத்துகிறது. மின்சாரத்துக்கு எழுதுவதைப் போல இணையத்துக்கும் எண் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

ஆர்.வி. என்றால் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் வைத்த வண்டி. நம்மூரில் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டி நினைவுக்கு வருமே, கிட்டத்தட்ட அந்த ரகம்தான். கோடைக்கு மகள் வீட்டுக்குப் போகும் மதுரைப் பெற்றோரில் நாங்களும் ஒரு ஜோடி. மகளும் மாப்பிள்ளையும் சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில் ஃபால்சமில் இருக்கிறார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே 50-ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. சாக்ரமெண்டோவில் அந்தச் சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் பலகை, 'ஓஷன் சிட்டி, மேரிலாந்து, 3073 மைல்' என்று சொல்லும். அதைப் பார்த்த நாளிலிருந்து மாப்பிள்ளைக்கு ஆசை. கடல் வரைக்கும் வேண்டாம், யூட்டா எல்லை வரைக்குமாவது போய் வருவோம் என்று வாடகைக்கு வண்டி எடுத்தார்.

மகளுக்கு முழு விடுப்பு கிடைக்கவில்லை. வழியிலேயே லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எச்-1பி விசாவில் இருக்கும் பிள்ளைகள் ஊர் ஊராகத் தங்கி வேலை பார்க்கக் கிளம்பும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. வேலை செய்யும் இடம் அவர்களுடைய மனுவில் எழுதப்பட்ட விஷயம். அது வேறு வட்டாரத்துக்கு மாறினால் மனுவையே திருத்த வேண்டும் என்று 2015-ல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. குறுகிய காலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மகளுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் கவலை எல்லாம் இரவு எட்டரை மணிக் கூட்டம்தான். கோடையில் அங்கே இரவு எட்டரை என்றால் சென்னையில் காலை ஒன்பது. அலுவலகத்தின் சென்னைக் குழு அப்போதுதான் வந்து உட்காரும்.

நெவாடாவில் அந்த 50-ஆம் எண் சாலைக்கு 'அமெரிக்காவிலேயே தனிமையான சாலை' என்று பெயர். 1986-ல் லைஃப் பத்திரிகை வைத்த பெயர், ஒதுங்கிப் போங்கள் என்ற அர்த்தத்தில். ஊர்க்காரர்கள் அதையே விளம்பரமாக்கிக்கொண்டார்கள். ஃபேலனை விட்டால் ஆஸ்டின் வர 110 மைல். அதற்குப் பிறகு யுரேகா, பிறகு ஈலி. ஒவ்வொன்றுக்கும் இடையில் எழுபது மைலுக்குக் குறையாது. ஒரு மலைத்தொடர், ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி ஒரு மலைத்தொடர். டவர் ஊரில் இருக்கும், ஊர் நம் கையில் இருக்காது.

வழியில் ஒரு முகாமில் தங்கினோம். சாயங்காலம் வெயில் இறங்கியதும் வண்டிகள் வரிசையாக வந்து சேர்ந்தன. வைஃபைக்குள் நுழைய ஒரு பக்கம் திறக்கும், அதில் இடத்தின் எண்ணையும் பதிவு செய்தவரின் கடைசிப் பெயரையும் தட்ட வேண்டும். பதிவு செய்தது மகள். நம் வழக்கப்படி அவளுக்குக் கடைசிப் பெயர் என்பது என் பெயர். நெவாடா பாலைவனத்தில் என் பெயரைத் தட்டினால் கதவு திறக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை, மறைப்பானேன்.

எட்டரைக்குக் கூட்டம் தொடங்கியது. சென்னை முகங்கள் இரண்டு நிமிடம் பேசின, பிறகு வாயைத் திறந்தபடி உறைந்தன. "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று மகள் மூன்று தரம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, சிக்னல் ஃபுல்லா காட்டுது. நெட் வரல. என்னன்னு பாருங்கப்பா."

பார்க்க என்ன இருக்கிறது? திரையில் தெரியும் அந்தக் கோடுகள் லேப்டாப்புக்கும் முகாமின் கம்பத்துக்கும் நடுவே உள்ள உறவை மட்டும்தான் சொல்லும். கம்பத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. தெருக்குழாயைப் பித்தளையில் பளபளவென்று போட்டுவிட்டு, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றாமல் விட்ட கதைதான். மாப்பிள்ளை சிக்னல் பெருக்கும் கருவி ஒன்று வாங்கிவிடலாம் என்றார். "மாப்பிள்ளை, சிக்னல் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி லைன் இல்ல. நீங்க எதைப் பெருக்குவீங்க?" என்றேன்.

மறுநாள் காலை முகாம் நடத்துபவரைப் பார்த்தேன். தன்மையான மனிதர். பழைய தொலைபேசிக்காரன் என்றதும் அலுவலகக் கூரைக்கே அழைத்துப் போய்க் காட்டினார். தட்டு மாதிரி ஒரு ரேடியோ, ஊர்ப்பக்கத்துக் குன்றைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. அதன் வழியாக வருவது 25 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 25 மெகாபிட். முகாமில் நாற்பது இடம். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கிலேயே ஃபுல் எச்டி படம் ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் வேண்டும். சாப்பாடு முடிந்து ஐந்து வண்டியில் டிவி போட்டால் தீர்ந்தது. மகளுடைய கூட்டத்துக்குப் போகவும் வரவும் சேர்த்து ஐந்தாறு எம்பிபிஎஸ் போதும். அதுகூட மிஞ்சவில்லை.

எங்கள் தொழிலில் இதற்குப் பிஸி அவர் என்று பெயர். பத்தாயிரம் சந்தாதாரருக்குப் பத்தாயிரம் ட்ரங்க் லைன் யாரும் போடுவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசமாட்டார்கள். ஆனால் ஒரு நாளில் நெரிசல் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லைன் வேண்டும் என்று கணக்குப் போட்டாக வேண்டும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் 1909-லேயே இந்தக் கணிதத்தை எழுதத் தொடங்கிவிட்டார். இன்றும் தொலைபேசிப் போக்குவரத்தை எர்லாங் என்ற அலகில்தான் அளக்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே முகாம்களில் மின்சாரத்துக்கு இந்தக் கணக்கு சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்க மின்விதித் தொகுப்பில் 551-ஆம் பிரிவு ஆர்.வி.க்கென்றே எழுதியது. 30 ஆம்பியர் இடம் ஒன்றுக்கு 3,600 வோல்ட்-ஆம்பியர் என்று வைத்துக் கூட்ட வேண்டும். இடங்கள் 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூட்டிய மொத்தத்தில் 41 விழுக்காட்டுக்குக் குறையாமல் வரும்படி கம்பி போட வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி போடமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை கட்டியிருக்கிறார்கள். இணையத்துக்கு அப்படி ஒரு வரி கிடையாது. நாற்பது வண்டிக்கு ஒரு லைனும் போடலாம், அரை லைனும் போடலாம், 'வைஃபை உண்டு' என்று எழுதிக்கொள்ளலாம்.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2024 ஏப்ரலில் இருந்து இணையத் திட்டங்களுக்கு லேபிள் கட்டாயமாக்கியது. பிஸ்கட் பாக்கெட்டில் சத்து விவரம் போடுவார்களே, அதே வடிவம். விலை, சராசரி வேகம், எல்லாம் கட்டத்துக்குள். நல்ல காரியம். ஆனால் அது இணையம் விற்கும் நிறுவனங்களைப் பார்த்து எழுதிய விதி. வாங்கிய இணையத்தை விருந்தாளிக்குப் பங்கு போடும் முகாம்காரர் அதில் வரமாட்டார்.

அப்படியானால் கைபேசி ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஊருக்குள். வண்டியின் அலுமினியத் தோல் சிக்னலில் பாதியைத் தின்றுவிடும், அதனால் கைபேசியை ஜன்னலோரம் வைக்க வேண்டும் அல்லது கூரையில் ஆன்டெனா போட வேண்டும். ஊரைத் தாண்டியதும் கூரையில் என்ன போட்டாலும் பயனில்லை, பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். 'அன்லிமிடெட்' என்று விற்கும் திட்டங்களிலும் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் ஓர் அளவு வைத்திருப்பார்கள். தாண்டினால் மின்னஞ்சல் திறக்கவே கொட்டாவி வரும்.

இப்போது எல்லோரும் காட்டும் வழி ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம். பழைய செயற்கைக்கோள் இணையம் 35,786 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய் வரும், அதில் பேசினால் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகின்றன, தாமதம் தெரியாது. 2022-ல் ஆர்.வி.க்கென்றே திட்டம் கொண்டுவந்தார்கள். பக்கத்து இடத்தில் ஒரு முதியவர் அதன் தட்டை வைத்திருந்தார், நானும் போய்ப் பார்த்தேன். நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு வானம் திறந்திருக்க வேண்டும். நெவாடா வெயிலில் மனிதர்கள் தேடுவது காட்டன்வுட் மர நிழலை. நிழலில் வண்டியை நிறுத்தினால் தட்டுக்கு வானம் இல்லை, வானத்துக்கு நிறுத்தினால் நாம் வேகிறோம். மின்கம்பம் இல்லாத இடமென்றால் பேட்டரி வேறு. எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி அறையைக் கட்டி மேய்த்தவனுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் 1,200 வாட்-அவர். அதில் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். மிச்சம் 600. பெரிய தட்டு 75 வாட் தின்றால் எட்டு மணி நேரம், அதற்குள் விளக்கும் தண்ணீர் மோட்டாரும் பங்குக்கு வரும். 2024-ல் வந்த சின்னத் தட்டு இதில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் குறைவோதான் கேட்கிறது. ஆனாலும் இவ்வளவு செலவு, முகாமில் 'வைஃபை உண்டு' என்று எழுதியதை நம்ப முடியாததால் வருகிற செலவு.

எங்களைக் காப்பாற்றியது ஒரு சின்ன ஊரின் பொது நூலகம். மகள் காலை முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வேலையை முடித்தாள், ஒரு தரம்கூட அறுபடவில்லை. இது தற்செயல் இல்லை. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி கொடுக்கிறார்கள். அந்தப் பணம் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் வசூலித்துச் சேர்க்கும் நிதியிலிருந்து வருகிறது. மளிகைக் கடையை விடச் சின்னதான நூலகத்துக்கும் நல்ல லைன் கிடைப்பது அதனால்தான்.

என் மனைவிக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்து மலையைப் பார்க்காம டப்பாவைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள். மலை விஷயத்தில் நானும் அவள் பக்கம்தான். கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் இரவு வானத்தைப் பார்த்தபோது, இங்கே டவர் ஒன்றும் வேண்டாம் என்றுதான் தோன்றியது. அங்கே நெட் இல்லை என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம், மகளும் அன்றைக்கு விடுப்பு எடுத்துவிட்டாள். தெரிந்தால் ஏற்பாடு செய்துகொள்ளலாம். நான் டவர் கேட்கவில்லை, பலகை கேட்கிறேன். ஆர்.வி.யில் இருப்பவர்கள் எல்லோரும் உல்லாசப் பயணிகளும் இல்லை. வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே குடியிருப்பவர்கள், ஊர் ஊராக ஒப்பந்தத்தில் போகும் செவிலியர்கள், குழாய் பதிக்கும் தொழிலாளர்கள் என்று பலரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு அது வேலை செய்யும் இடம்.

பெரிய சட்டம்கூட வேண்டாம். பதிவுப் பக்கத்தில் ஒரு வரி போதும்: வெளியிலிருந்து வரும் லைன் இத்தனை எம்பிபிஎஸ், அனுப்ப இத்தனை, பங்கு போடும் இடங்கள் இத்தனை. அதைப் பார்த்ததும் இரவு எட்டரைக்கு என்ன நடக்கும் என்று மகளே கணக்குப் போட்டுக்கொள்வாள். இதைத்தான் கூரையிலிருந்து இறங்கும்போது அந்த மனிதரிடம் சொன்னேன். சிரித்தார். "25 என்று எழுதினால் ஒருத்தரும் வரமாட்டார்கள்" என்றார். அவர் முகாமில் 50 ஆம்பியர் கிடையாது. வாசல் பலகையில் '30 ஆம்பியர் மட்டும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். முந்தின நாள் இரவு அங்கே ஒரு இடம்கூடக் காலியாக இல்லை.