கால் பிடித்தலும் பிணி தீர்த்தலும்

உழைத்து உண்ணும் மக்களுக்குக் காலினும் பெரிய செல்வம் வேறில்லை. சக்குபள்ளம் பகுதியின் ஏலத்தோட்டங்களில் பணிபுரியும் நம்மவரை எண்ணிப் பாருங்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரிலிருந்து தரையை ஒட்டி நீளும் சரங்களில் காய்ப்பது. ஆகவே காய் எடுப்போர் ஈரச் சரிவுகளில் நாள் முழுதும் குனிந்தும் குந்தியும் உழைக்கின்றனர். மாலையில் கால் கடுப்பதில் வியப்பென்ன?

அக்கடுப்பைப் போக்கவென இந்நாளில் பெரிதும் பேசப்படுவது 'ரிஃப்ளெக்ஸாலஜி' எனும் பாத அழுத்த முறை. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பிட்ஸ்ஜெரால்டு என்பார் உடலை நெடுக்காகப் பத்துப் பகுதிகளாய்ப் பிரித்து, மற்றொருவருடன் சேர்ந்து 1917-இல் ஒரு நூல் வெளியிட்டார். யூனிஸ் இங்ஹாம் அம்மையார் அக்கருத்தைப் பாதத்திற்குப் பொருத்தி, 1938-இல் தம் நூலை வெளியிட்டார். உள்ளங்காலில் இன்ன இடம் ஈரலுக்கு, இன்ன இடம் சிறுநீரகத்துக்கு என்று இம்முறையினர் வகுத்துரைப்பர்.

கால் பிடித்தல் நமக்குப் புதிதன்று. நம் சித்த மருத்துவம் அதனைத் தொக்கணம் என்னும். தட்டல், பிடித்தல், அழுத்தல் முதலாக ஒன்பது வகையும் கூறும்.

நாம் இரயில்வே அலுவலக எழுத்தர், மருத்துவரல்லோம். ஆயினும் கற்றோர் ஆராய்ந்து கண்டதை எடுத்துரைப்பது நம் கடன். எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்னும் பேராசிரியர் இம்முறை பற்றிய 18 ஆய்வுகளைச் சீர்தூக்கி, எந்த நோயையும் இது தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என 2009-இல் எழுதினார். அலுப்புத் தீரலாம், மனம் அமைதி பெறலாம், நல்ல உறக்கமும் வரலாம். அவ்வளவே. உள்ளங்காலை அழுத்திச் சர்க்கரை நோயைப் போக்குவோம் என்பாரை நம்பி மாத்திரையை நிறுத்துவது பேதைமை. மார்வலி கண்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமேயன்றி, காலைப் பிடித்துக்கொண்டு காலம் போக்கலாகாது.

சர்க்கரை நோயாளருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருத்தல் கூடும். வெந்நீரின் சூடும் அழுத்தத்தின் கடுமையும் அவருக்குத் தெரியா. புண்ணுள்ள காலைப் பிடித்தல் ஆகாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடேறி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதனைத் தேய்க்காது மருத்துவரிடம் காட்டுக. கருவுற்ற பெண்டிரும் மருத்துவரைக் கேட்டே செய்துகொள்க.

மற்றையோர்க்கு இதனால் தீங்கில்லை, செலவும் வேண்டுவதில்லை. காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமின்றித் துடைத்து, சிறிது நல்லெண்ணெய் தடவி, குதிகாலிலிருந்து விரல்வரை கட்டைவிரலால் இதமாக அழுத்துக. ஒரு காலுக்குப் பத்து நிமிடம் போதும். எழுந்து நடக்குமுன் எண்ணெயைத் துடைத்துவிடுக, வழுக்கும்.

இறுதியாக ஒன்று. நம் இல்லங்களில் மாமனார்க்கும் கணவனுக்கும் கால் பிடிப்பவள் மருமகள். தோட்டத்திலிருந்து திரும்பி, அடுப்பும் மூட்டி, யாவரும் உண்டபின் உண்ணும் அவள் காலைப் பிடிப்பார் யார்? மகனோ மகளோ, கணவனோ, இன்றிரவு அப்பத்து நிமிடத்தை அவளுக்கு அளிப்பாராக.