பாதி இண்டிகா

எங்கள் குட்டி யானையின் மீட்டர் 2,86,412-இல் நின்று ஆறு வருடமாகிறது. கேபிள் அறுந்துபோனது, மாற்றவில்லை. அதற்கப்புறம் ஓடியதெல்லாம் கணக்கில் வராத ஓட்டம். எவ்வளவு ஓடியிருக்கும் என்று யாராவது கேட்டால் தம்பி வாய் கூசாமல் "மூணு லட்சம்" என்பான். கேட்பவர் வண்டியை விலைக்குக் கேட்கிறவராக இருந்தால் அது இரண்டேமுக்காலாகக் குறையும்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்களுடையது வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, ஜல்லிக்கரண்டி, பந்தி மேஜை. அப்பா காலத்தில் தள்ளுவண்டி, பிறகு லக்கேஜ் ஆட்டோ. 2009-இல்தான் சொந்தமாக டாட்டா ஏஸ் வாங்கினோம். அப்பா சந்தனம், குங்குமம் வைத்துக் காடு மல்லேஸ்வரர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கியது நினைவிருக்கிறது. நாலு பழத்தில் ஒன்று நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. இன்றைக்கும் வண்டி நடுவழியில் நின்றால் தம்பி அந்த ஒரு பழத்தைத்தான் குறை சொல்வான்.

2005 மே மாதம் ஏஸ் சந்தைக்கு வந்தபோது டாட்டாக்காரர்கள் செய்திருந்த காரியம் எளிமையானது. இண்டிகா காரில் இருந்த 1405 சிசி, நாலு சிலிண்டர் டீசல் என்ஜினில் சரிபாதியை எடுத்தார்கள். இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். அதை டிரைவர் சீட்டுக்கு அடியில் பொருத்தி, பின்னால் முக்கால் டன் ஏற்றத் தொட்டி வைத்தார்கள். இன்று கல்லூரிப் பையன்கள் ஓட்டும் பைக்கில் இதைவிடச் சக்தி அதிகம். ஆனாலும் 2017-க்குள் இருபது லட்சம் வண்டி விற்றது. வடக்கே சோட்டா ஹாத்தி, நம் பக்கம் குட்டி யானை. பாதி இண்டிகா என்று சொல்வது நான் ஒருத்திதான்.

எங்கள் மெக்கானிக் ஸ்ரீராம்புரத்துக்காரர். வீட்டில் தமிழ், வேலையில் கன்னடம், வசவுக்கு மட்டும் இரண்டோடு இந்தியும். மீட்டர் கேபிளை மாற்றச் சொல்லி ஒருமுறை கேட்டேன்.

"எதுக்குக்கா? ஹைவேல மூணு லட்சம் ஓடின வண்டியக் கண்ண மூடிட்டு வாங்கலாம். உங்க எட்டாவது கிராஸ்ல முப்பதாயிரம் ஓடினதத் தொடவே கூடாது."

அப்போது அதை விளையாட்டுப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் கடைக் கணக்கு நோட்டுகளை எடுத்துவைத்து வண்டிச் செலவை மட்டும் பிரித்து எழுதிப் பார்த்தேன். பதினாறு வருடத்தில் கிளட்ச் பிளேட் ஏழு தடவை. செல்ஃப் மோட்டார் வேலை ஐந்து தடவை. பேட்டரி ஆறு. கியர் பாக்ஸ் ஒரே ஒரு தடவை, பின்னச்சு ஹவுசிங்கில் கைவைக்கவே இல்லை. ஓடித் தேய்ந்த வண்டியின் கணக்கு இப்படி இருக்காது. நின்று நின்று தேய்ந்த வண்டி இது.

கடையிலிருந்து கல்யாண மண்டபம் ஒன்றரைக் கிலோமீட்டர். சம்பிகே ரோட்டில் மாலை நேரத்தில் அந்த ஒன்றரைக்கு அரை மணி. பூக்காரர், பூக்காரரிடம் பேரம் பேசுகிறவர், பேரம் முடியும்வரை நடுரோட்டில் நிற்கும் ஸ்கூட்டர். முதல் கியர், இரண்டாவது, மறுபடி முதல். தம்பியின் இடது கால் கிளட்ச்சை விட்டு இறங்குவதே இல்லை. பிளேட் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் தேய்கிறது. ரிலீஸ் பேரிங் எந்நேரமும் சுற்றிச் சுற்றிக் கிரீஸ் வற்றிப் போகிறது. என்ஜின் சூடேறுவதற்குள் மண்டபம் வந்துவிடுகிறது. முழுச்சூடு காணாத டீசல் என்ஜினில் சரியாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலோடு கலக்கிறது. ஆயில் நீர்த்துப் போகிறது. ரிங்கும் போரும் உரசுவது அப்போதுதான். மீட்டரில் ஒன்றரைக் கிலோமீட்டர் என்று விழுவதை என்ஜின் பத்துப் பதினைந்தாக வாங்கிக்கொள்கிறது.

எனவே எங்கள் வீட்டில் ஆயில் மாற்றுவது கிலோமீட்டர் பார்த்து அல்ல, முகூர்த்தம் பார்த்து. தை ஒன்று, வைகாசி ஒன்று, ஆவணி ஒன்று. எந்தக் கையேட்டிலும் இது இருக்காது. இதை ஆரம்பித்த பிறகு ஆயில் குடிப்பது பாதியாகக் குறைந்தது.

சம்பிகே என்றால் செண்பகம், மார்கோசா ரோட்டின் மார்கோசா என்றால் வேம்பு. மரங்களின் பெயர் வைத்த தெருக்களில் கருப்புப் புகை விட்டுக்கொண்டு போக எனக்குக் கூச்சம்தான், மறைக்கவில்லை. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். அந்த மாதம் மட்டும் தம்பி ஏர் ஃபில்டரைத் தட்டுவான், நாசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருவான், வண்டிக்கு முகத்தில் பவுடர் பூசினாற்போல் பம்பருக்குப் பெயிண்ட் அடிப்பான். மற்ற பதினோரு மாதமும் அதையே செய்தால் என்னடா என்றால் பதில் வராது.

மூன்று வருடம் முன்பு, கிருஷ்ணகிரியில் ஒரு வளைகாப்புக்குப் பாத்திரம் போயிருந்தது. திரும்பும்போது சூளகிரிக்கு முன்னால் மேலுமலை ஏற்றம். நம் ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. டர்போ இல்லாத என்ஜினுக்கு இந்த உயரத்தில் காற்று மெலிந்து பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். எங்களுடைய பதினாறு குதிரையில் ஒன்றரைக் குதிரை வழியிலேயே இறங்கிக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் குதிரைகள் அன்றைக்கு அண்டாக்களை இழுத்துக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறின. டெம்பரேச்சர் முள்ளும் கூடவே ஏறியது. தம்பி பார்த்தான்; இந்த ஏற்றம் முடியட்டும் என்று நினைத்தான். அப்படி நினைப்பதற்குச் சராசரிச் செலவு எவ்வளவு என்று எனக்கு இப்போது தெரியும்.

வண்டியை இழுத்து வந்து முதலில் சேர்த்தது வேறொரு ஒர்க்‌ஷாப்பில். பெயர் வேண்டாம். பார்த்தவுடனே "ஹாஃப் என்ஜின் மாத்தணும்" என்றார்கள். முப்பத்தெட்டாயிரம் என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார்கள். எங்கள் மெக்கானிக் ஊருக்குப் போயிருந்தார். இரண்டு நாள் காத்திருந்தோம்.

அவர் வந்து டிரைவர் சீட்டைத் தூக்கினார். டிப் ஸ்டிக்கை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் ஃபில்டர் காபி நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது, நல்ல பால் விட்ட காபி. விரலில் தேய்த்துப் பார்த்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டுத் தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். தண்ணீர் குபுகுபுவென்று குமிழ் விட்டது.

"ஹெட் கேஸ்கட்தான்கா. கம்ப்ரஷன் தண்ணிக்குள்ள வருது, தண்ணி ஆயிலுக்குள்ள போவுது. ஹெட்டக் கழட்டி லேத்துல ஃபேஸிங் அடிச்சா போதும். ஆனா இது நோய் இல்ல. நோய் வேற."

நோய் ரேடியேட்டரில் இருந்தது. அதைக் கழற்றிக் கவிழ்த்தபோது குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்தது. கடைப்பையன் பல வருடமாகத் தினம் காலையில் மோட்டார் போட்டுப் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றி வந்திருக்கிறான். கூலன்ட் என்ற பச்சைத் திரவத்தை அவன் பார்த்ததே இல்லை. மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. "வீட்ல குக்கருக்குக் காவேரித் தண்ணி, இதுக்குப் போர் தண்ணியா?"

கேஸ்கட், லேத்துக் கூலி, ரேடியேட்டர் ராடிங், கூலன்ட், அவருடைய கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். கையோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றினார். நான் ஏன் என்றேன், அது நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் பழைய பெல்ட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி வளைத்துக் காட்டினார். பல்லின் அடியில் நகக்கண் அளவு விரிசல்கள், வரிசையாக. இது ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு கீழே நிற்கும், ஒன்றை ஒன்று குத்திக்கொள்ளும். அப்போதுதான் முப்பத்தெட்டாயிரச் சீட்டு நிஜமாகும். சில நூறு ரூபாய் ரப்பர்! இந்த வண்டியில் நான் பயப்படுகிற ஒரே சாமான் இதுதான். மற்றதெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் கெடும்.

புது வண்டி வாங்கலாமே என்று தம்பி மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி. 2020 ஏப்ரல் முதல் வருவதெல்லாம் பி.எஸ். 6, புகை எவ்வளவோ குறைவு. 2022-இல் ஏஸிலேயே மின்சார வண்டி வந்துவிட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர் போய் அரை மணி நிற்கும் எங்கள் பிழைப்புக்கு, யோசித்தால், கிளட்ச்சே இல்லாத அந்த வண்டிதான் பொருத்தம். விலையைக் கேட்டுவிட்டு வந்தோம். இன்னும் இரண்டு ஆவணி போகட்டும் என்று முடிவாயிற்று.

இந்த வாரம் காலைக் குளிரில் வண்டி எடுக்க அடம் பிடிக்கிறது. மூன்று நாலு செல்ஃப் அடித்து, வெள்ளைப் புகை தள்ளி, இருமி, பிறகுதான் பிடிக்கிறது. ஹீட்டர் பிளக் போயிருக்கும் என்று மெக்கானிக் போனிலேயே சொல்லிவிட்டார். பாத்திரம் எண்ணுகிற வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு பிளக் வாங்க நானே ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் கன்னடத்தில் எந்த வண்டி என்று கேட்டான். சத்தத்தில் ஏஸ் என்று சொன்னது காதில் விழவில்லை போல. நாலு டப்பாவை எடுத்து வைத்தான்.

"எரடு சாக்கப்பா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டைத் திரும்ப உள்ளே வைத்தான்.