எக்ஸ் என்பது மாம்பழமா என்று யாராவது கேட்டீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஓவியம் மறுபடியும் சுற்றி வந்தது. எஸ்.எச். ராசா 1989ல் வரைந்த 'ஜெஸ்டேஷன்'. வட்டமும் முக்கோணமுமாக இருக்கும். 2023ல் 51 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போன படம். கீழே வழக்கமான கிண்டல்: "இதுக்கா இத்தனை கோடி? எங்க பேரன் இதைவிட நல்லா போடுவான்." சிரித்தேன். ஏலக்காரர்களின் கணக்கு வேறு, ஓவியத்தின் கணக்கு வேறு. விலையை விட்டுவிடுவோம்.

அதற்கு அடுத்து வந்த இரண்டு கருத்துகள்தான் என்னை எழுத வைத்தன. ஒருவர், "எல்லாம் வெள்ளைக்காரனைப் பார்த்து அடிச்ச காப்பி" என்றார். இன்னொருவர், "இது என்ன புதுசு, எங்க பாட்டி வாசல்ல போட்ட கோலம்தானே" என்றார். இருவருமே எனக்கு வேண்டியவர்கள். ஆனால் இரண்டு பேச்சையும் நான் ஏற்கவில்லை.

முதலில் "புரியவில்லை" என்பதை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்? புள்ளிக்கு நீளம் இல்லை, அகலம் இல்லை, இடம் மட்டும்தான் உண்டு. நான் சாக்பீஸால் பலகையில் வைத்தது உண்மையான புள்ளி அல்ல, அதற்கு ஓர் அடையாளம். யாரும் சண்டைக்கு வரவில்லை. பிறகு இயற்கணிதம் வந்தது. எக்ஸ், ஒய் என்றேன். "எக்ஸ்ங்கிறது மாம்பழமா, தேங்காயா சார்?" என்று ஒருவராவது கேட்டீர்களா? பொருளை விட்டுவிட்டு அதன் உறவை மட்டும் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு அப்போதே வந்துவிட்டது. அரூப ஓவியம் கேட்பதும் அதைத்தான். மரத்தை விட்டுவிட்டு அதன் நிறத்தையும், பாரத்தையும், கோட்டின் ஓட்டத்தையும் பார்.

நம் ஊரிலிருந்து சிதம்பரம் போகாதவர்கள் குறைவு. அங்கே நடராசர் உருவம். ஸ்படிக லிங்கம் அருவுருவம். திரையை விலக்கிக் காட்டும் ரகசியம் அருவம். தங்க வில்வ மாலை தொங்கும் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற நாம், ஓர் ஓவியத்தைப் பார்த்து "இதில் என்ன இருக்கிறது?" என்று உடனே கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இப்போது "வெள்ளைக்காரன் காப்பி" என்ற பேச்சு. அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் பெரிய பெயர்கள் இரண்டு: காண்டின்ஸ்கி, மோந்திரியான். மோந்திரியான் 1909ல் பிரம்மஞான சபையில் உறுப்பினராகச் சேர்ந்தவர். காண்டின்ஸ்கி 1911ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் அந்தச் சபையைப் பற்றி மதிப்போடு எழுதினார். அந்தச் சபையின் தலைமையகம் எங்கே? 1882 முதல் நம் சென்னை அடையாற்றில். அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் 1905ல் 'எண்ண வடிவங்கள்' என்று பொருள்படும் ஒரு நூலை வெளியிட்டார்கள். கோபம், பக்தி போன்ற உணர்ச்சிகளை வெறும் நிறமாகவும் வடிவமாகவும் காட்டும் படங்கள் அதில் உண்டு. அரூப ஓவியம் முழுக்க இங்கிருந்து போனது என்று நான் சொல்லவில்லை. அது பொய்யாகிவிடும். ஆனால் அவர்கள் சமையலில் நம் வீட்டு உப்பும் கொஞ்சம் இருக்கிறது. அப்புறம் யார் யாரைக் காப்பி அடித்தது?

சரி, "நம் கோலம்தானே" என்பவர்களுக்கு என் பதில், கே.சி.எஸ். பணிக்கர். 1911ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளிக்கு 1957 முதல் பத்தாண்டுகள் முதல்வர். 1954ல் லண்டனில் கண்காட்சி நடத்தியவர், ஐரோப்பிய நவீன ஓவியத்தை நேரில் பார்த்தவர். அந்தப் பாணியிலேயே காலம் தள்ளியிருக்கலாம். அவர் தள்ளவில்லை. 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். அதற்குப் பொறி எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? ஒரு மாணவரின் கணக்கு நோட்டிலிருந்து! எண்கள், எழுத்துகள், வடிவியல் கோடுகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்ததை அவர் படமாகப் பார்த்தார். அதிலிருந்து ஜாதகக் கட்டம், பனையோலை எழுத்து, கோள்களின் குறி என்று போனார். அவர் படத்தில் எழுத்து இருக்கும், படிக்க முடியாது. கட்டம் இருக்கும், பலன் சொல்ல முடியாது. நாற்பது பக்கக் கணக்கு நோட்டுகளை ஆயிரக்கணக்கில் திருத்திய எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னவென்று சொல்ல!

இங்கேதான் என் கருத்து. கிழக்கும் மேற்கும் கலப்பது என்றால் இரண்டு டப்பா பெயின்ட்டை ஒரே வாளியில் ஊற்றுவது அல்ல. ஓம் என்று எழுதி மேலே நாலு நிறத்தைத் தெளித்தால் தத்துவம் ஆகிவிடாது. அப்படிப்பட்ட படங்கள் ஓட்டல் வரவேற்பறைகளில் நிறையத் தொங்குகின்றன. வெளியே போய்ப் பழகிய கண்ணோடு சொந்த வீட்டுப் பரணைப் பார்ப்பதுதான் கலப்பு. ஜாதகம் எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் இருந்தது. அதைப் படமாகப் பார்க்க ஒரு பணிக்கர் தேவைப்பட்டார். ராசாவும் அப்படித்தான். 1950ல் பாரீஸ் போனவர், பல ஆண்டுகள் அங்கே வரைந்த பிறகுதான் 'பிந்து' என்ற புள்ளிக்கு வந்தார். மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளியில், மனம் அலைந்துகொண்டிருந்த சிறுவன் ராசாவுக்கு முன்னால் சுவரில் ஒரு புள்ளி வைத்து "இதையே பார்" என்று உட்கார வைத்த ஆசிரியரை அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி கோலம் அழகுதான். ஆனால் பாட்டி அதைக் காலையில் போட்டு, மாலையில் அழியவிட்டாள். அவள் நோக்கம் வேறு. இரண்டையும் ஒன்று என்றால் இரண்டுக்குமே மரியாதை இல்லை.

இதை ஏன் இத்தனை தூரம் இழுக்கிறேன் என்றால், ஒரு பெண்ணின் படிப்பு இதில் இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கி என்னிடம் படித்த ஒருவர். அவர் அனுமதியோடு எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அவர் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஓவியம் படிக்கச் சென்னை போக வேண்டும் என்கிறாள். தந்தை போனில், "சார், நீங்க சொன்னா கேட்டுக்கும் சார். வேற எதுனா படிக்கச் சொல்லுங்க" என்றார். கூடவே அவள் வரைந்ததையும் அனுப்பினார். சாமைக் களம் என்று அவள் சொல்கிறாள். களம் கண்ணுக்குத் தெரியவில்லை. செம்மண் நிறத்தில் பட்டை பட்டையாக, நடுவில் ஒரு மஞ்சள், ஓரத்தில் மழை வரப்போகிற கருமை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலைக் காற்று அடித்தது.

"தம்பி, நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

சோறு போடுமா என்ற கேள்வி நியாயமானது. காசு கொட்டும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பணிக்கரும் மாணவர்களும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள், சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினார்கள், 1966ல் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பகலில் வயிற்றுக்கு, மீதி நேரத்தில் ஓவியத்துக்கு. அவள் சேர நினைக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி 1850ல் தொடங்கியது. பணிக்கர் முதல்வராக இருந்ததும் அதுதான். கும்பகோணத்திலும் ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது.

2021ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நீங்கள் எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டீர்கள். ஊருக்குப் பெருமை என்றீர்கள். சரிதான். அந்தப் பெருமைக்குரிய வேலையை நம் வீட்டுப் பிள்ளை படிக்கிறேன் என்றால் மட்டும் ஏன் பதறுகிறீர்கள்?

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பரீட்சை வருகிறது என்று டிராயிங் பீரியடைக் கணக்குக்குக் கேட்டு வாங்காதீர்கள். கணக்கு ஆசிரியரான நானே சொல்கிறேன். மற்றவர்களுக்கு: அடுத்த முறை மகாபலிபுரம் போகும்போது வழியில் சோழமண்டலத்தில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். ஒரே ஒரு படத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். இது என்ன என்று கேட்க வேண்டாம். என் கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே நகர்ந்தது என்று மட்டும் கவனியுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே கமெண்ட்டில் எழுதுங்கள், சார் கோபித்துக்கொள்ள மாட்டேன். பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்
கள்ளக்குறிச்சி