இல்லமும் நலமும்: ஆறிய புண்ணின் நமைச்சல்



உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்த யோபு, தம் உடலைச் சுரண்டிக்கொள்ள ஓர் ஓட்டுத் துண்டை எடுத்தார் என்று விவிலியம் கூறுகிறது. அவரைக் காண வந்த நண்பர்கள் அவருடைய துன்பத்தின் காரணத்தைக் குறித்து நெடிது வாதிட்டனர். அந்த ஓட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

பீங்கான் நகரமாகிய நம் விருத்தாசலத்தில் உடைந்த ஓட்டுக்குப் பஞ்சமில்லை. அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரச் சாமான்களும் சுட்டெடுக்கும் ஊர் இது. பீங்கான் வேக ஏறத்தாழ 1200 பாகை வெப்பம் வேண்டும். சூளை வாயிலில் கைதவறிச் சுட்டுக்கொண்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையில் பல வாரங்கள் கிடந்து, புண் மூடி வீடு திரும்புகிறார். வீட்டாரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றனர். அவருக்கோ இரவெல்லாம் உறக்கமில்லை. நோவன்று, நமைச்சலே காரணம். சொன்னால், “புண் ஆறினால் நமைக்கத்தான் செய்யும், நல்ல அறிகுறிதான்” என்று விடை வருகிறது.

அவ்விடை பாதி உண்மை. தீக்காயம் மூடத் தொடங்கும் வேளையில் நமைச்சல் எழுவது பெரும்பாலோர்க்கு இயல்பே. முதற் சில மாதங்களில் அது கடுமையாகி, பின்னர் மெல்லத் தணியும். ஆயினும் ஆழமாக வெந்தவர் சிலர்க்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. ஆழ்ந்த காயத்தில் எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் அழிந்துவிடுவதால், புதுத்தோல் வறண்டு இழுக்கிறது. காயமுற்ற இடத்தில் ஹிஸ்டமின் என்னும் பொருள் மிகுதியாகச் சுரக்கிறது. அறுந்த நரம்பிழைகள் மீண்டும் வளர்கையில் பொய்யான செய்திகளை மூளைக்கு அனுப்புகின்றன. வெப்பத்தில் இவை யாவும் மிகும். தணலருகே மீண்டும் வேலைக்குச் செல்பவரின் பாடு எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை.

“சொறியாதே” என்று அதட்டுவதால் பயனில்லை. உறக்கத்தில் கை தானே செல்லும். மெல்லிய புதுத்தோல் நகம் பட்டால் கிழிந்து, மூடிய புண் மீண்டும் திறக்கும். ஆகவே நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். குளிர்ந்த நீரில் குளித்து, ஈரம் முற்றும் உலருமுன் மணமில்லா வாசலினைத் தடவி, நாளில் பலமுறை அவ்வாறே செய்யலாம். பருத்தி ஆடையே உகந்தது. தழும்பை இறுகப் பிடிக்கும் அழுத்த உடையை மருத்துவர் கொடுத்திருந்தால், குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் அணிய வேண்டும். நம் கோடையில் அதுவே ஒரு தவம். மூலையில் சுருட்டி எறிந்தவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இவற்றால் தணியாவிடில் மாத்திரைகள் உண்டு. ஒவ்வாமைக்கு அளிக்கும் மாத்திரை சிலர்க்குப் போதும். அது போதாதவர்க்கு, நரம்பு நோவுக்குரிய காபாபென்டின் பயன்படுவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். இரண்டுமே மயக்கந்தரும், உண்டபின் சூளையருகிலோ இயந்திரத்தருகிலோ நிற்றல் ஆகாது. புதுவை ஜிப்மரிலும் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் இதற்கான மருத்துவர்கள் உள்ளனர். ஆனால் நோயாளி வாய் திறந்து சொல்ல வேண்டுமே! 2020 ஜூலை 1 அன்று, நமக்கு அண்மையிலுள்ள நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து ஆறு பேர் அன்றே மாண்டனர். காயமுற்றோரிலும் சிலர் பின்னர் இறந்தனர். அத்தகைய விபத்தில் உயிர் தப்பியவர், உடன் உழைத்தவர் போய்விட்டிருக்க, “எனக்கு நமைக்கிறது” என்று முறையிட நாணுவது இயற்கையே. வீட்டார்தாம் வினவ வேண்டும்.

எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கும் ஒரு சொல். விளக்குமாற்றுக் குச்சியையோ கம்பியையோ உள்ளே விட்டுச் சுரண்டாதீர்கள். உள்ளே கீறல் பட்டுச் சீழ் பிடித்தால் வெளியே தெரியாது. கட்டின் மேல் தட்டுவதும் விசிறிக்காற்று படச் செய்வதும் போதும். நாற்றமோ காய்ச்சலோ கண்டால் காத்திராமல் மருத்துவரிடம் செல்க.

எல்லாவற்றிலும் வியப்பானது, விபத்தில் கையையே இழந்தவரின் நமைச்சல். இல்லாத விரல் நமைக்கிறது என்று அவர் சொன்னால், வீட்டில் பிரமை என்பார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் இதை ஆராய்ந்தார். மூளையில் கைக்குரிய இடமும் முகத்துக்குரிய இடமும் அடுத்தடுத்து உள்ளன. கையிலிருந்து செய்தி வருவது நின்றதும், முகத்தின் செய்தி அவ்விடத்திலும் புகுந்துவிடுகிறது. விபத்தில் ஒரு கையை இழந்த இளைஞர் ஒருவரின் கண்ணைக் கட்டி, கன்னத்தைப் பஞ்சினால் தொட்டபோது, இல்லாத கட்டைவிரலிலும் தொடுவதாக அவர் உணர்ந்தார். பின்னர் அவ்விரல்கள் நமைத்தபோதெல்லாம், அவர் தம் கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.