பிறன் இழப்பில் வரும் பணம்: கிறிஸ்தவரும் சூதாட்டமும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விரிவாகச் சொல்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும், அதாவது ஊரின் முப்பது பகுதிகளிலிருந்தும், தகுதியுள்ளோரின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டு, சிறுவன் ஒருவனால் எடுக்கப்பட்டன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், பிறர் பொருளை அபகரித்தவரும் அந்தக் குடத்திற்குள் பெயரளவில்கூட நுழைய முடியாது. குடவோலை எனப்பட்ட இந்த முறையில் முடிவைத் தீர்மானித்தது தற்செயலே என்றாலும், பெயர் வராதவர் எதையும் இழக்கவில்லை, பெயர் வந்தவர் பெற்றதும் 360 நாள் ஊர்ப்பணியே.

கிறிஸ்தவர் சூதாடலாமா என்ற கேள்வியை ஆராய்வோர் இந்தக் கல்வெட்டுகளிலிருந்து தொடங்குவது பயன் தரும். ஏனெனில் விவிலியத்திலும் இதே முறை பல இடங்களில் வருகிறது. கானான் நிலம் இஸ்ரவேல் கோத்திரங்களுக்குச் சீட்டுப் போட்டுப் பங்கிடப்பட்டதை யோசுவாவின் புத்தகம் கூறுகிறது; யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டபோதும் அப்போஸ்தலர் சீட்டே போட்டனர்; சீட்டு மடியில் விழுந்தாலும் தீர்ப்பு கர்த்தருடையது என்ற கருத்தை நீதிமொழிகள் 16ஆம் அதிகாரம் முன்வைக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எந்தச் சமயத்தாரும் குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கையில் திருவுளச்சீட்டுப் போடுவது, அதாவது முடிவைத் தெய்வத்தின் கையில் விட்டு ஒரு சீட்டை எடுப்பது, இதே வகையைச் சேர்ந்தது. ஆகவே தற்செயலை நம்புவதே பாவம் என்றும், அதனால்தான் சூது கூடாது என்றும் சில போதகர்கள் சொல்லும் காரணம் நிலைக்காது.

மறுபுறம், சூதாடாதே என்ற நேரடிக் கட்டளை விவிலியத்தில் இல்லை என்பதால் அது அனுமதிக்கப்பட்டது என்று வாதிடுவோரும் உள்ளனர். கட்டளை இல்லை என்பது உண்மையே; ஆனால் அதிர்ஷ்டத்தைத் தெய்வமாக்கி அதற்குப் பந்தி விரித்தவர்களை ஏசாயா 65ஆம் அதிகாரம் கண்டிக்கிறது; பிறனுடைய யாதொன்றையும் இச்சிக்கலாகாது என்று பத்தாம் கட்டளை சொல்கிறது; திருடினவன் இனித் திருடாமல், இல்லாதவனுக்குக் கொடுக்கும் அளவுக்குத் தன் கைகளால் உழைக்கட்டும் என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் பணிக்கிறது. இவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒரு பொருள் ஒருவருக்கு உரியதாவதற்கு விவிலியம் ஏற்கும் வழிகள் தெளிவாகின்றன: உழைப்பு, நேர்மையான பரிமாற்றம், கொடை, மரபுரிமை. பந்தயத்தில் வென்ற பணம் இவற்றுள் எதிலும் அடங்காது. தோற்றவர் அதைக் கொடையாகத் தரவில்லை; அதற்கு ஈடாக எதையும் பெறவுமில்லை; தானும் அவ்வாறே பிறர் பணத்தை எடுத்துவிடலாம் என்ற ஆசையில்தான் வைத்தார். இருவரும் சம்மதித்தே ஆடினர் என்பதால் அந்த ஆசையின் தன்மை மாறிவிடுவதில்லை, ஏனெனில் இச்சையைப் பற்றிய கட்டளை இருவருக்கும் பொதுவானது.

சட்டம் நீண்டகாலமாக வேறோர் அளவுகோலை வைத்திருந்தது. ஆட்டத்தில் மேலோங்குவது திறமையா, அதிர்ஷ்டமா என்பதே நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி. 1968இல் ரம்மியைத் திறமை மேலோங்கும் ஆட்டம் என்று கூறிய உச்ச நீதிமன்றம், தமிழ்நாடு அரசு 1974இல் சட்டமியற்றி ஒழிக்க முனைந்த குதிரைப் பந்தயத்தையும் 1996இல் அவ்வாறே வகைப்படுத்தியது. இணையவழிச் சூதாட்டக் கடனால் நேர்ந்த தற்கொலைகளை அடுத்து, நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று, தமிழ்நாடு 2022இல் நிறைவேற்றிய தடை மசோதா ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2023இல் மீண்டும் நிறைவேறிச் சட்டமாக நடைமுறைக்கு வந்தபோதும், அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமையாட்டங்கள் என்று விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமோ, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று அந்தப் பழைய வேறுபாட்டையே கைவிட்டது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றுள்ளன; அவற்றின் முடிவு எதுவாயினும், கிறிஸ்தவ அறநெறிக்குத் திறமை என்ற வாதம் பயன்படாது. அதிர்ஷ்டத்தால் பிறன் கூலியை எடுப்பவரைவிடத் திறமையால் எடுப்பவர் எவ்வகையிலும் மேலானவர் அல்லர். எதிரில் இருப்பவர் தோற்பார் என்பது அவருக்கு முன்பே ஓரளவு தெரிந்திருப்பதால், அவர் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

திருச்சபைகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஸ்பெயினில் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய எல்விரா சங்கம், பணம் வைத்துத் தாயமாடும் கிறிஸ்தவரை நற்கருணையிலிருந்து விலக்கி, திருந்தினால் ஓராண்டுக்குப் பின் சேர்க்கலாம் என்று விதித்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பணத்தின் பயன்பாடு குறித்த தமது அருளுரையில், அயலானின் உடைமைக்குக் கேடு செய்து ஈட்டும் வழிகளுள் சூதையும் வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அதாவது அதன் போதனைகளின் அதிகாரபூர்வத் தொகுப்பு, 2413ஆம் எண்ணில் வேறு நிலை எடுக்கிறது: பந்தயமும் அதிர்ஷ்ட விளையாட்டும் தம்மளவில் நீதிக்கு எதிரானவை அல்ல, ஒருவர் தம் தேவைக்கும் தம்மைச் சார்ந்தோர் தேவைக்கும் வேண்டியதை அவை பறிக்கும்போதே ஏற்கத்தகாதவை ஆகின்றன, சூதாட்ட மோகம் அடிமைத்தனம் ஆகிவிடக்கூடும்.

இந்தக் கத்தோலிக்க நிலை அலட்சியமாக ஒதுக்கத் தக்கதன்று. வீட்டுத் திண்ணையில் நான்கு உறவினர் பத்து ரூபாய் வைத்துச் சீட்டாடுவதையும் ஒரு குடும்பம் அழியும் ஆட்டத்தையும் ஒரே தட்டில் வைக்காத நிதானம் அதில் உண்டு. ஆனால் அது விதிக்கும் நிபந்தனையைக் காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம் போன்ற ஊர்களில் பொருத்திப் பார்க்கவேண்டும். தறிக்கூலியையும், வயற்கூலியையும், தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையின் மாதச் சம்பளத்தையும் நம்பியுள்ள குடும்பங்களில் தேவைக்கு மிஞ்சிய பணம் என்று ஒன்று எப்போதாவதுதான் இருக்கும். இருந்தாலும் அது சுயஉதவிக் குழுவின் தவணைக்கோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கோ முன்பே எழுதப்பட்டுவிட்டது. அத்தகைய வீட்டில் முதல் பந்தயமே தேவைக்கு உரியதைத்தான் தொடுகிறது. கைப்பேசியில் ஆடும்போது எதிரில் அமர்ந்திருப்பவர் யார், அவர் தம் பிள்ளைகளுக்கு உரியதைத்தான் வைக்கிறாரா என்பதும் ஆடுபவருக்குத் தெரிய வழியில்லை. நிறுவனம் ஒவ்வொரு மேசையிலும் தன் கழிவை எடுத்துக்கொள்வதால், ஆடுவோர் அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர்கள் என்றும் தோற்றவர்களே. மறைக்கல்வி நூலின் நிபந்தனையை நேர்மையாகப் பின்பற்றினால், இவ்வூர்களில் அதன் விடையும் வெஸ்லியின் விடையும் ஒன்றாகிவிடுகின்றன.

வாழ்வே சூதாட்டம், ஏரிப் பாசனத்தை நம்பி நாற்று விடும் உழவரும் சூதாடுகிறார் அல்லவா என்ற எதிர்வாதம் அடிக்கடி எழுகிறது. உழவர் எதிர்கொள்ளும் இடர் அவர் உண்டாக்கியது அன்று. மழை பொய்த்தால் அவருடைய இழப்பு எவருடைய வரவாகவும் மாறுவதில்லை. மழை பெய்தால் அவர் வரவு எவருடைய இழப்பிலிருந்தும் வருவதில்லை. சூதோ, இல்லாத இடரை உண்டாக்கி, ஒருவர் இழந்தால்தான் மற்றவர் பெறுவார் என்று அமைக்கப்பட்டது. சீட்டுப் பிடிப்பதிலும் இதே வேறுபாடு காணப்படுகிறது. குலுக்கல் சீட்டில் ஒவ்வொருவரும் கட்டும் தொகை ஒருமுறை அவருக்கே வருகிறது, குலுக்கல் முன்பின் வரிசையை மட்டும் முடிவு செய்கிறது. பெயர் விழுந்தவர் மேற்கொண்டு தவணை கட்டவேண்டாம் என்ற பரிசுச் சீட்டிலோ, அவர் பெறுவது மற்றவர் பணம். 1978ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பரிசுச் சீட்டைத் தடைசெய்ததும், 1982ஆம் ஆண்டின் சட்டம் முறையான சீட்டு நிதியை ஒழுங்குபடுத்தியதும் இந்த வேறுபாட்டைச் சட்டமும் உணர்ந்திருப்பதைக் காட்டுகின்றன.

தமிழ்நாட்டில் 1968இல் அரசே லாட்டரியைத் தொடங்கியபோது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கம் ஊரெங்கும் பரவியது; இழப்புக்கும் ஒரு புண்ணியம் கற்பித்த அந்த வாதத்தைத் திருச்சபைகளும் தம்மை அறியாமலேயே ஏற்றுக்கொண்டன. லாட்டரி விற்பனை 2003 ஜனவரியில் மாநிலத்தில் தடைசெய்யப்பட்ட பின்னரும், ஆலயக் கட்டட நிதிக்காகவும் அறுப்பின் பண்டிகைக்காகவும் அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு விற்கும் வழக்கம் சபைகளில் முற்றிலும் மறையவில்லை. விசுவாசிகள் காய்கறியையும் கோழியையும் கொண்டுவந்து படைத்து ஏலத்தில் எடுப்பது அறுப்பின் பண்டிகையின் அழகிய மரபு; அதில் வாங்குபவர் ஒரு பொருளைப் பெறுகிறார், கூடுதல் விலை காணிக்கையாகிறது. அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டோ காணிக்கைக்கு இச்சையைத் தூண்டுகோலாக்குகிறது. சூதில் வென்ற பணத்தைத் தருமம் செய்யலாமா என்று 13ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த தாமஸ் அக்குவினாஸ், பொருளை வழங்க உரிமையற்றவரிடமிருந்து வென்றதையும், ஆசை காட்டி இழுத்து ஆடவைத்து வென்றதையும் திருப்பிக் கொடுக்கவேண்டுமே தவிரத் தருமமாக்கலாகாது என்றார். ஆலய வாசலில் மேசை போட்டு, முதல் பரிசின் படத்தை ஒட்டி வைத்துச் சீட்டு விற்கும் பொறுப்பாளர்கள் அந்த இரண்டாம் காரணத்தை எண்ணிப் பார்ப்பது கடமை. கேரளக் குலுக்கல் முடிவை வைத்து மறைவாக நடக்கும் மூன்று நம்பர் லாட்டரியில் கூலியைத் தொலைக்கும் ஓர் இளைஞரிடம், அது பாவம் என்று சொல்லும் உரிமை, சீட்டு விற்கும் சபைக்கு எங்கிருந்து வரும்?

கண்டிப்பு மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சூதில் சிக்கியவருக்கு அது நோயாக முற்றிவிடுகிறது என்பதை மருத்துவம் ஏற்றுள்ளது. கடனை மறைக்கும் வெட்கமே அவரை மேலும் ஆடவும், சில வேளை உயிரை மாய்த்துக்கொள்ளவும் தள்ளுகிறது. எல்விரா சங்கம்கூடத் திரும்பி வர வழி விட்டிருந்தது. ஆகவே வட்டாரச் சபைகளின் போதகர்களும் பங்குத்தந்தையரும் நிர்வாகக் குழுக்களும் வரும் அறுப்பின் பண்டிகையிலேயே அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டை நிறுத்தி, அதன் காரணத்தைப் பீடத்திலிருந்து வெளிப்படையாக அறிவித்து, கடனில் தவிக்கும் குடும்பம் பெயர் வெளிவராமல் வந்து பேசவும் மருத்துவ ஆலோசனை பெறவும் ஒருவரைப் பொறுப்பாக அமர்த்தவேண்டும்.